அகப்பை இறங்கிய மூன்று நாட்கள்

சனிக்கிழமைக் கப்பலில் வந்திறங்கிய நாற்பத்தொரு பேரும் வரிசையில் நின்று, முறை வந்ததும் ஒவ்வொருவராகச் சுவரை நக்கினார்கள்.

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சீரிஸுக்கு யார் வந்தாலும் முதல் காரியம் அதுதான். இறங்குதளத்துச் சுவரில் முகத்துக்கு நேராக வெள்ளையாய் ஒரு பட்டை ஓடும். ஒருவர் நக்கியதும் அந்த இடம் உரிந்து உள்ளே சுருண்டுகொள்ளும். அடுத்தவருக்குப் புதுப் பட்டை வந்து நிற்கும். நாச்சுவர் என்று அதற்குப் பெயர். யாருக்கு வேர்க்கடலை ஆகாது, யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, யார் மாத்திரையை விழுங்காமலே விழுங்கியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்பதையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் தெரிந்துகொண்டு சமையலறைக்குச் சொல்லிவிடும்.

செண்பகவல்லி தன் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாக்கை நீட்டினாள். சுவர் சில்லென்று இருந்தது.

“உங்களுக்குக் கோதுமைப் பசை ஆகாது. இங்கே அந்தக் கவலை வேண்டாம்” என்றது சுவர்.

கவலை வேண்டாம் என்ற சொல்லை அவள் பதினோரு தேசங்களில் கேட்டிருக்கிறாள். கேட்ட இடத்திலெல்லாம் மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதல்லவா, அந்த இழுவையைத் தருகிற பசைக்குத்தான் குளூட்டன் என்று பெயர். முக்கால்வாசிப் பேருக்கு அது உள்ளே போவதும் தெரியாது, செரிப்பதும் தெரியாது. செண்பகவல்லி போன்ற சிலருக்கு மட்டும் அது குடலின் உட்சுவரை அரம் வைத்து ராவியதுபோல் ராவிவிடும். ஒரு கவளம் வேண்டியதில்லை, ஒரு சிட்டிகை போதும். கோவில்பட்டியில் பிறந்து, நீரேற்று நிலையங்களில் கசிவு பார்க்கும் வேலைக்காக முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் வருகிறவளுக்கு இப்படி ஒரு வயிறு. வேலை அவளைத் தேடி வந்தது. சாப்பாட்டை அவள்தான் தேடிப் போகவேண்டியிருந்தது.

ஒசாகாவில் மீனையும் சோற்றையும் நம்பிச் சாப்பிட்டாள். தொட்டுக்கொண்ட சோயாச் சாற்றில் கோதுமை இருந்தது. ஹாம்பர்க்கில் வெறும் உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நம்பினாள். ரொட்டித்தூளில் புரட்டிய மீனை வறுத்த அதே எண்ணெயில் அதையும் வறுத்திருந்தார்கள். தன் வியாதியைப் பதினான்கு மொழிகளில் அச்சடித்து ஓர் அட்டை வைத்திருந்தாள். பரிமாறுகிறவர்கள் அதை வாங்கி அக்கறையோடு படிப்பார்கள், தலையாட்டுவார்கள், நல்ல அட்டை என்று பாராட்டிவிட்டு ரொட்டிக் கூடையை அவள் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள்.

அப்புறம் குடல்மணி வந்தது. அரிசி அளவே இருக்கும். சிறுகுடலின் வாசலில் வைத்துத் தைத்துவிட்டால், ஆகாத பொருள் கடக்கும்போது வலது காதுக்குப் பின்னால் மணி அடிக்கும். அதைப் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாளே அவள் கணவர் அருணகிரி வைத்த சாம்பாருக்கு அது விடாமல் அடித்தது. வீட்டுச் சமையல் அவர் கைதான். கல்யாணமான வருஷத்திலேயே வீட்டிலிருந்து கோதுமை மாவை ஒழித்துக்கட்டி, தனி உரல், தனி சல்லடை என்று பார்த்துப் பார்த்துச் செய்தவர். மணி அடிக்கிறது என்றதும் மனுஷர் முகம் செத்துப்போய்விட்டது. மணி விற்ற கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். புதுசில் கொஞ்சம் அப்படித்தான் அடிக்கும், உங்களுக்கு நம்பிக்கையான பண்டங்களை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அவற்றின் மணச்சாயலைப் பதிந்துகொண்டு பேசாமல் இருக்கும் என்றார்கள். செண்பகவல்லி அன்றைக்கே வீட்டுச் சாப்பாடு முழுவதையும் பட்டியலில் சேர்த்தாள். அருணகிரி முகத்தில் உயிர் வந்தது. அவ்வப்போது வயிறு உப்பும், மூட்டு வலிக்கும், அசதியாக வரும். அதெல்லாம் வெளியூர் அலைச்சல், வாயுத் தொல்லை.

இப்போது சீரிஸ். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற குட்டி உலகம் அது. மேலே பாறை, கீழே உப்புப் பனி. பழைய ரோமாபுரிக்காரர்களின் தானிய தேவதை பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். ஆனால் அங்கே ஒரு பிடி கோதுமை போனதில்லை. காரணம், அங்கே எடை கிடையாது என்று சொல்லிவிடுகிற அளவுக்குக் குறைவு. கை தவறிய தம்ளர் தரையைத் தொட ஒன்று, இரண்டு, மூன்று எண்ணவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் மாவு சிந்தினால் இறங்கவே இறங்காது. காற்றுக் குழாய்க்குள் போய் அடைக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். அதனால் மாவு, தூள், பொடி எதுவும் உள்ளே வரக்கூடாது என்று குடியேறிய முதல் வருஷமே சட்டம் போட்டு, அறுபது வருஷமாகக் காத்துவருகிறார்கள். நெல்லும் உளுந்தும் பாசியும் காளானும் அங்கேயே விளைகின்றன. அரைப்பதெல்லாம் ஈரமாகத்தான்.

சட்டம் செண்பகவல்லிக்கும் தெரியும். தெரிந்துதான் அருணகிரி இடித்துக் கொடுத்த இட்லிப் பொடியை நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, வால்வுக்குப் போடும் உயவுப் பசைக் குழாய்கள் பன்னிரண்டில் அடைத்து, கருவிப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். பறக்கிற பொடிக்குத்தானே தடை, இது பறக்காதே என்று தன் மனசுக்கு ஒரு நியாயமும் சொல்லி வைத்திருந்தாள். “தூள், பொடி ஏதாவது?” என்று சுங்க இயந்திரம் கேட்டபோது இல்லை என்றாள். நம்மில் ஊறுகாயைச் சேலை மடிப்பில் சுருட்டிக்கொண்டு விமானம் ஏறாதவர்கள் மட்டும் அவளைக் குறை சொல்லலாம்.

ஐந்து மாதக் கப்பல் பயணத்தில் அந்தக் குழாய்களை அவள் தொடவில்லை. கப்பலில் கொடுத்த கூழின் மேல் பிதுக்கி வீணாக்க மனம் வரவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் அந்த ஐந்து மாதமும் வயிறு சத்தமே போடவில்லை. வேலை இல்லை, அலைச்சல் இல்லை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

சீரிஸில் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டிப் பழகிய தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள்தான் முதலில் பனியைத் துளைக்கப் போனவர்கள் என்பதால் அவர்கள் பேச்சே அங்கே ஊர்ப்பேச்சாக நிலைத்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே சமையலறை. அதை இருபத்திரண்டு வருஷமாக நடத்திவருகிறவர் சூசை மிக்கேல். அங்கேயே பிறந்து அங்கேயே நரைத்தவர். இட்லியைத் துணியோடு தட்டில் ஒட்டவைத்துத்தான் பரிமாறுவார், இல்லாவிட்டால் எழுந்து மிதக்கும். சாம்பார் ஊற்றினால் விழாது, யோசித்து யோசித்து இறங்கும்.

முதல் நாள் செண்பகவல்லி அட்டையை நீட்டினாள். சூசை படித்தார். மறுபக்கம் திருப்பி வேறு மொழிகளையும் பார்த்தார்.

“தங்கச்சி, கோதும கோதுமன்னு போட்டிருக்கே, அது எப்பிடி இருக்கும்?” என்று கேட்டார்.

அவர் அதைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த அட்டைக்கு இப்படி ஒரு பதில் வந்தது. செண்பகவல்லி அட்டையை உள்ளே வைத்துவிட்டு உட்கார்ந்து எட்டு இட்லி சாப்பிட்டாள். மல்லிகைப்பூதான். சாம்பாரில் மட்டும் என்னவோ ஒன்று குறைந்தது. என்னவென்று நாக்குக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து, பகலில் நாலாம் நீரேற்று நிலையத்து வால்வுகளைப் பார்த்துவிட்டு வந்து, அறையில் ஒரு குழாயைத் திறந்து, விரல் நீளம் பிதுக்கி, டப்பாவில் கொண்டுவந்த இட்லிக்குத் தொட்டுக்கொண்டாள். அந்தக் குறை தீர்ந்தது.

பத்தாம் நாள் படுத்தாள்.

ஐந்து மாதம் ஓய்ந்திருந்த வயிறு அத்தனை நாள் வட்டியையும் சேர்த்து வசூலித்தது. முழங்கையில் கொப்புளம் கிளம்பிற்று. நிலையத்தின் மருத்துவ இயந்திரத்தை எல்லோரும் வைத்தி என்று கூப்பிடுவார்கள். இடுப்பு உயரமும் நான்கு சக்கரமும் பொறுமையான குரலும் கொண்டது. அது அவள் ரத்தத்தைப் பார்த்தது, குடலைப் பார்த்தது, இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தது.

“இந்த உலகத்திலேயே இல்லாத ஒரு பொருள் உங்கள் குடலில் இருக்கிறது” என்றது.

“மணி அடிக்கலையே” என்றாள் செண்பகவல்லி.

“அதுவும் எனக்குப் புரியவில்லை.”

அவளுக்குப் புரிந்தது. பதினோரு தேசத்திலும் புரிந்த அதே விஷயம்தான். சமையலறையில் கலந்திருக்கிறார்கள். அவள் வந்த கப்பலில்தான் பூமியிலிருந்து காளான் புரதப் பெட்டிகள் வந்திருந்தன. போன வாரம்தான் சூசை அவற்றைப் பிரித்திருந்தார். வைத்தியிடம் அதைச் சொன்னாள். வைத்தி பதிவு செய்துகொண்டது.

சீரிஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பானையில் ஊரே சாப்பிடுகிற இடத்தில், சாப்பிட்டவர் ஒருவர் படுத்துவிட்டால், யாரும் வாய் திறந்து குற்றம் சொல்வதற்கு முன்னால் சமைத்தவர் தானாக அகப்பையை இறக்கி வைத்துவிடவேண்டும். அடுப்பு அணையும். மூன்றாம் நாள் ஊர்க்கூட்டம். எப்படி நேர்ந்தது என்று தெரிந்தால் அகப்பை திரும்பக் கைக்கு வரும். தெரியாவிட்டால் வராது, அந்தக் கை அப்புறம் ஒருநாளும் அடுப்பைத் தொடக்கூடாது. அன்று மத்தியானம் சூசை அகப்பையைக் கழுவித் துடைத்து, சாப்பாட்டு மண்டபத்து நடு மேசையில் துணி விரித்து வைத்தார். பக்கத்தில் நின்றவர்களிடம், துளைப்பு வேலையில் தன் அளவுக்கு மேலங்கி இருக்குமா என்று விசாரித்ததாகச் சொன்னார்கள்.

ஊருக்கு மூன்று நாளும் ஆறிப்போன பாசிக் கூழ்தான்.

செண்பகவல்லி வேலையில் கெட்டிக்காரி. பாதி உடம்போடு எழுந்துபோய்ச் சமையலறையைத் தானே சோதிப்பேன் என்று நின்றாள். புரதப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, வைத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதிரி எடுத்தாள். ஆட்டுரலின் இடுக்கு, ஆவிக் குழாயின் வளைவு, கரண்டிக் காம்பின் ஆணி வரைக்கும் துழாவினாள். சூசை கூடவே நின்று கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதது அவருக்குத்தான் கெட்ட செய்தி.

கடைசி டப்பாவை மூடும்போது அவர் சொன்னார். “ஒங்க மேல ஒரு வருத்தமும் இல்ல, தங்கச்சி. ஒடம்புக்கு முடியாத பிள்ளைக்கு என் கையால போட்டுட்டேனேன்னுதான். எதுலன்னு தெரிஞ்சாப் போதும். நான் பனி வெட்டப் போறேன், போயிட்டுப் போகுது.”

அவள் அறைக்கு வந்தாள். கூழ் வாயில் வைக்க முடியவில்லை. நேற்றும் முடியவில்லை. அதனால் நேற்று விரல் நீளத்துக்குப் பதில் கை நீளம் பிதுக்கிக் கலந்து சாப்பிட்டிருந்தாள். இன்றும் அப்படியே சாப்பிட்டாள். சாயங்காலத்துக்குள் நிமிர முடியாதபடி வயிறு இழுத்துப் பிடித்தது. கொப்புளம் கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. வைத்தி வந்து ஊசி போட்டுவிட்டு, அளவு முன்னைவிட இரண்டு மடங்கு கூடியிருக்கிறது என்று சொல்லிப் போனது.

படுக்கையில் சாய்ந்தபடி அவள் அந்த வார்த்தையை யோசித்தாள். கூடியிருக்கிறது.

எங்கே கசிகிறது என்று தெரியாத குழாய்த் தொகுதியை வைத்துக்கொண்டு கசிவுக்காரர்கள் செய்கிற வேலை ஒன்றுதான். ஒரு கிளையை அடைப்பார்கள், அளவு பார்ப்பார்கள். குறைந்தால் ஓட்டை அந்தக் கிளையில். குறையாவிட்டால் வேறெங்கோ. அடைத்த பிறகு கூடினால், அந்தக் கிளைக்கும் ஓட்டைக்கும் சம்பந்தமே கிடையாது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போடலாம். முப்பது வருஷமாகப் போட்டிருக்கிறாள்.

சமையலறைக் கிளையை அடைத்து இரண்டு நாளாகிறது. அளவு கூடியிருக்கிறது.

மேசை மேல் மூடி கழற்றிய உயவுப் பசைக் குழாய் கிடந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே மனம் கூசியது. பெற்ற தாயைச் சந்தேகப்படுவதுபோல இருந்தது. என்ன இருக்கிறது அதில்? உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், எள், உப்பு. அவர் கையால் வறுத்தது, அவர் கையால் இடித்தது.

கோவில்பட்டிக்குச் செய்தி அனுப்பினாள். வெளிச்சமே சீரிஸிலிருந்து பூமிக்குப் போய்ச் சேர இருபத்தாறு நிமிஷம் ஆகும். வர இன்னோர் இருபத்தாறு. சண்டை போடுகிற தம்பதிகளுக்கு நல்ல தூரம், சந்தேகம் கேட்கிறவர்களுக்குக் கொடுமையான தூரம். பொடியில் என்னென்ன போட்டீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள், கடையில் வாங்கினது எதுவாக இருந்தாலும் டப்பாவில் எழுதியிருப்பதையும் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாள். ஐம்பத்திரண்டு நிமிஷமும் கூரையைப் பார்த்தபடி இருந்தாள். உளுந்தாக இருக்காது, மிளகாயாக இருக்காது என்று ஒவ்வொன்றாகத் தனக்குள் அடைத்துப் பார்த்தாள்.

அருணகிரியின் முகம் திரையில் வந்தது. எள்ளு, உளுந்து என்று உற்சாகமாக ஆரம்பித்தார். பொடி நன்றாக இருந்ததா என்று நடுவில் ஒரு கேள்வி. அப்புறம், நம் வீட்டு மஞ்சள் டப்பாப் பெருங்காயம் ஒரு கை, உனக்குப் பிடிக்குமே என்று தாராளமாகவே போட்டேன் என்றார். டப்பாவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். எட்டத்தில் வைத்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

“சின்ன எழுத்தா இருக்கு, இரு… கருவேலம் பிசின், பெருங்காயம், அப்புறம்… மைதா” என்றார்.

இருபத்தாறு நிமிஷத்துக்கு முன்னால் மௌனமான ஒரு மனிதரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலப்படம் என்று சொல்வதற்கில்லை. பெருங்காயப் பால் தனியாகக் கைக்கு அடங்காத நெடி. அதை மாவோடும் பிசினோடும் கூட்டித்தான் தூளாக்கிக் கடைக்கு அனுப்புவார்கள். காலம்காலமாக நடப்பதுதான், டப்பாவில் எழுதியும் இருக்கிறது. உலகம் பூராவும் உணவுப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவள், தன் வீட்டு அடுக்களையில் முப்பது வருஷமாக இருந்த மஞ்சள் டப்பாவை ஒருதரம் திருப்பிப் பார்த்ததில்லை. முதல் நாளே தொண்டை கிழிய அடித்துச் சொன்ன மணியின் வாயையும் அவளே பொத்தியிருந்தாள்.

இனி என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பன்னிரண்டு குழாயையும் பனிக்குள் புதைத்துவிடலாம். உடம்பு தானாகத் தேறும். சொன்னால் தடைப் பொருள் கடத்தினாள் என்று வேலை உரிமச் சீட்டில் எழுதுவார்கள். கசிவு பார்க்க வந்தவளே ஓட்டை போட்டாள் என்று ஊர் சிரிக்கும். ஆனால் பேசாமல் இருந்தால் ஒரு மனுஷர் ஐம்பத்தைந்து வயதில் மேலங்கி மாட்டிக்கொண்டு பனி வெட்டப் போவார். ஒருநாளும் அவர் கண்ணால் பார்த்திராத ஒரு தானியத்துக்காக.

மூன்றாம் நாள் ஊர்க்கூட்டத்தில் அவள் கருவிப் பெட்டியோடு போய் நின்றாள். தலைவி பிலோமினா, பேச்சைச் சுருக்குவதில் பேர் போனவள், யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று மட்டும் கேட்டாள். செண்பகவல்லி குழாய்களை எடுத்து, அகப்பைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

“இது வால்வுக்குப் போடுற பசை இல்ல. எங்க வீட்டு இட்லிப் பொடி. இதுலதான் இருக்கு. அண்ணாச்சி அடுப்புல ஒண்ணும் இல்ல.”

பின்வரிசையிலிருந்து ஒரு துளைப்புக்காரர் எழுந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது.

“அப்பம் எங்க நாலாம் நெலையத்து வால்வுக்கெல்லாம் எதப் போட்டிய?”

கூட்டம் அதன் பிறகுதான் மூச்சு விட்டது. சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பிலோமினா சிரிக்கவில்லை, நிலையத்தின் முந்நூற்று நாற்பது வால்வுகளையும் திறந்து, துடைத்து, மறுபடி உயவுப் பசை போடவேண்டும், ஒவ்வொரு குழாயையும் ஓர் ஆள் முகர்ந்து பார்த்த பிறகுதான் திறக்கவேண்டும் என்று தண்டனை சொன்னாள். உரிமச் சீட்டிலும் எழுதினாள்.

சூசை சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. ஒரு குழாயை எடுத்து மூடியைத் திருகி, முகர்ந்தார். விரல் நுனியில் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

“எங்கம்ம சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தா. சாம்பார்ல என்னமோ ஒண்ணு இல்லடா, என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா இல்லன்னு” என்றார். “இதுதானா?”

“இதுதான் அண்ணாச்சி.”

அவர் குழாயை மெதுவாக மூடி வைத்துவிட்டு, துணியிலிருந்து அகப்பையை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். ஊருக்குப் பசி.

அன்றே செண்பகவல்லி நம்பிக்கைப் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் அழித்தாள். அருணகிரி மஞ்சள் டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டு, மாவு கலக்காத கட்டிப் பெருங்காயம் தேடி மதுரை வரைக்கும் போய் வந்ததாகச் செய்தி அனுப்பியிருந்தார். கடைசியில், பட்டியலிலிருந்து என்னையும் எடுத்துவிட்டாயா என்று கேட்டிருந்தார். “சாம்பாரத்தான் எடுத்தேன், ஒங்கள இல்ல” என்று பதில் அனுப்பினாள். அதைக் கேட்டு அவர் சிரித்தது ஐம்பத்திரண்டு நிமிஷம் கழித்து வந்தது.

கதை இங்கே முடிந்திருக்கவேண்டும். ஆனால் பிலோமினா ஒரு நல்ல காரியம் செய்தாள். சூசையின் பெயருக்கு நேர்ந்த களங்கம் முழுசாகப் போகவேண்டும் என்று, சமையலறை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டச் சொன்னாள்: ‘இங்கே கோதுமைப் பசை இல்லை.’

அறுபது வருஷமாக இல்லாததுதான். ஆனால் இல்லை என்று எழுதிப் போட்டதும் அது என்ன என்று ஊர் கேட்க ஆரம்பித்தது. வைத்தியிடம் கேட்டார்கள். வைத்திக்கு மறைக்கத் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் குறிகளை ஒப்பித்தது. வயிறு உப்புசம், அசதி, மூட்டு வலி, எரிச்சல், மறதி.

பனிக்கு அடியில் பத்து மணி நேரம் துளையிடுகிறவர்களில் அசதி இல்லாதவர் யார்? அகப்பை இறங்கிய மூன்று நாளும் பாசிக் கூழ் குடித்ததில் உடம்பு காற்றாய் இருந்ததாக ஒருவர் சொன்னார். எனக்கும்தான் என்றார் இன்னொருவர். நான்காம் நிலையத்தில் ஒரு குடும்பமே தங்களுக்கு அது பரம்பரையாக ஆகாது என்று கண்டுபிடித்தது. அதை நீங்கள் ஒருநாளும் சாப்பிட்டதே இல்லையே என்று வைத்தி எடுத்துச் சொல்லிப் பார்த்தது. அதனால்தான் உடம்பு இவ்வளவு நாள் தாங்கியிருக்கிறது என்றார்கள்.

இரண்டாம் வாரம், ஆகாதவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று மனு வந்தது. ஐந்நூற்றிருபது பேர் கையெழுத்து. சூசை இரண்டு நாள் வாதாடிப் பார்த்துவிட்டு, கயிறு கட்டி மண்டபத்தை இரண்டாகப் பிரித்தார். இடது பக்கம் பச்சைத் தட்டு, கோதுமைப் பசை இல்லாத இட்லி. வலது பக்கம் வழக்கமான தட்டு, வழக்கமான இட்லி. பச்சைத் தட்டு இட்லி இன்னும் மெத்தென்று இருப்பதாகவும், சாப்பிட்டால் தூக்கம் நன்றாக வருவதாகவும் ஊரெல்லாம் பேச்சு.

அவள் ஊர் திரும்பவேண்டிய கப்பல் வருவதற்கு நாலு நாள் இருக்கும்போது, முந்நூற்று நாற்பதாவது வால்வையும் முடித்துவிட்டு, கையெல்லாம் நிஜமான உயவுப் பசையோடு செண்பகவல்லி மண்டபத்துக்கு வந்தாள். உடம்பு தேறி, கொப்புளம் மறைந்து, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. முப்பது வருஷத்தில் இப்படி ஓர் ஆரோக்கியத்தை அவள் அறிந்ததில்லை. பழக்கதோஷத்தில் பலகையைப் பார்த்ததும் இடது வரிசையின் வாலில் போய் நின்றாள். வரிசை மண்டபத்தைத் தாண்டி, வெளி நடையில் திரும்பி, குளியல் அறை வரைக்கும் நீண்டிருந்தது.

அவளுக்கு முன்னால் நின்ற துளைப்புக்காரப் பெண் திரும்பிப் பார்த்தாள். நல்ல மாதிரிதான் சொன்னாள்.

“அக்கா, நீங்க அந்தப் பக்கம் போங்க. இது ஆகாதவங்க வரிச. பூமிக்காரங்களுக்கு எது தின்னாலும் ஒத்துக்கிடும், எங்க ஒடம்பு அப்பிடி இல்ல.”

செண்பகவல்லிக்கு ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. பதினான்கு மொழி அட்டை பைக்குள்தான் இருந்தது. அதைத் தொட்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, சரி தாயி என்று சொல்லிக் கயிற்றுக்கு அடியில் குனிந்து வலது பக்கம் போனாள். அங்கே வரிசையே இல்லை. நேரே சூசையிடம் தட்டை நீட்டினாள்.

அவர் இட்லிகளைத் துணியோடு ஒட்டவைத்தார். அகப்பையை எடுத்துச் சாம்பார் விட்டார். அது யோசித்து யோசித்து இறங்கிக்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு பக்கத்துக்கும் ஒரே கொப்பரதான், தங்கச்சி. யார்ட்டயும் சொல்லிராதிய.”

“சொல்ல மாட்டேன் அண்ணாச்சி.”

காலியாகக் கிடந்த மேசைகளில் ஒன்றில் உட்கார்ந்து முதல் விள்ளலை வாயில் வைத்தாள். வலது காதுக்குப் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம், நீண்ட வரிசையிலிருந்து அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளிடம், செண்பகவல்லியின் தட்டைக் காட்டி இரக்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

“பாவம், படிச்சவங்கதான். வாயில என்னத்தப் போடுதோம்னு ஒரு நிமிசம் யோசிக்காம திங்காங்க பாரு.”